மண்புழுவுக்காகப் பேசிய குருவானவர்
கில்பேர்ட் வைற் (1720 – 1793)

1777ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஒரு சிறு கிராமத்திலிருந்து ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் ஓர் அங்கிலிக்கன் உதவிக் குரு. கடிதத்தைப் பெற்றவர் சட்டம் படித்து நீதிபதியாக இருந்த ஒரு கனவான். கடிதத்தின் விடயமோ மண்புழு.

அந்நாளில் மண்புழுவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லை. தோட்டக்காரர் அதை வெறுத்தார்கள். புல்தரையிலும் நடைபாதையிலும் மண்ணைக் கக்கி அசிங்கப்படுத்துகிறது, கூட்டித் துப்புரவாக்கும் வேலையைக் கூட்டுகிறது என்றார்கள். கமக்காரரும் வெறுத்தார்கள், முளைத்து வரும் இளம் பயிரைத் தின்றுவிடுகிறது என்று நம்பினார்கள். இந்த இரு சாராருக்கும் எதிராக, வாயில்லாத ஒரு பிராணிக்காக வழக்காடுவதுபோல அந்தக் குருவானவர் எழுதினார். அவர் பெயர் கில்பேர்ட் வைற். இயற்கையை வெளியிலே நின்று, உயிரோடு பார்த்துக் கற்கும் முறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவராக இன்று விஞ்ஞான உலகம் அவரை மதிக்கிறது.

கிராமங்களிலே வேலை செய்கின்ற நாம் இந்த மனிதரைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. அவர் ஊர் ஊராகச் சுற்றிய ஆராய்ச்சியாளர் அல்லர். பிறந்த ஊரிலேயே இருந்து, அந்த ஊரையே வாழ்நாள் முழுவதும் பார்த்தவர். அவர் பார்த்தவற்றிலிருந்தும், பார்க்கத் தவறியவற்றிலிருந்தும் நாம் படிப்பதற்கு நிறைய உண்டு.

பிறந்த ஊரும் உத்தியோகமும்

லண்டன் நகருக்குத் தென்மேற்கே சுமார் 50 மைல் தூரத்தில், ஹம்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ண் என்ற கிராமம் இருக்கின்றது. ஒரே ஒரு நீண்ட தெரு. தெருவுக்குப் பின்னால் சுண்ணக்கற் குன்று ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கும். அதன் சரிவு முழுவதும் பீச் மரக்காடு. வைற்றின் பாட்டனார் அந்தப் பங்கின் குருவாக இருந்தார். பாட்டனாரின் குருமனையிலேதான் 1720 ஜூலை 18ஆந் திகதி வைற் பிறந்தார். பாட்டனார் இறந்த பின்னர் குடும்பம் அதே தெருவில் 'வேக்ஸ்' என்னும் வீட்டில் குடியேறியது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, அதே கல்லூரியின் உறுப்பாளராகத் தெரிவு செய்யப்பட்டு, 1749இல் குருப்பட்டமும் பெற்றார்.

படித்தவர், கல்லூரியின் செல்வாக்கும் உண்டு. வேறெங்காவது வருமானம் கூடிய பங்கொன்றைப் பெற்றுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. செல்போர்ண் பங்கின் முழுப் பொறுப்புள்ள குருவாக வரவும் அவரால் முடியவில்லை. அந்தப் பதவிக்கு ஆளை நியமிக்கும் உரிமை மக்டலின் என்ற வேறொரு கல்லூரியின் கையில் இருந்தது. ஆகவே பக்கத்து ஊரான பரிங்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உதவிக் குருவாகவும், 1784 முதல் இறக்கும்வரை செல்போர்ணிலேயே உதவிக் குருவாகவும் இருந்தார். திருமணம் செய்யவில்லை. பதவியில் உயரவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பெரிய வாழ்க்கையாகத் தோன்றாது.

ஒரு கொப்பி, நாற்பது ஆண்டுகள்

1751இல் வைற் தமது தோட்டத்துக்கென ஒரு குறிப்புப் புத்தகம் தொடங்கினார். எந்த விதை எந்த நாளில் விதைக்கப்பட்டது, எப்போது முளைத்தது, சாணிப் பசளை எத்தனை வண்டி இறக்கப்பட்டது, பூசணி இனத்துக் கொடிகள் எப்படி வந்தன என்பவைதான் அதில் இருந்தன. நமது கமக்காரர் பலர் மனதில் வைத்திருக்கும் கணக்கையே அவர் எழுதி வைத்தார். அவ்வளவே வித்தியாசம்.

1768இலிருந்து இது விரிந்தது. டெயின்ஸ் பரிங்டன் என்பவர், முன்பு சொன்ன அந்த நீதிபதி, ஓர் அச்சிட்ட படிவத்தைத் தயாரித்திருந்தார். திகதி, பாரமானி, வெப்பமானி, காற்று, மழை, எந்த மரம் முதலில் தளிர்த்தது, எந்தச் செடி முதலில் பூத்தது, எந்தப் பறவை வந்தது, எது போனது என்று நிரல் நிரலாக இடம் விட்ட படிவம் அது. வைற் அதை 1793 ஜூன் மாதம்வரை, அதாவது தாம் இறந்த மாதம்வரை, நிரப்பிக்கொண்டே வந்தார்.

இப்படிச் சேர்ந்த குறிப்புகளிலிருந்து அவர் இருவருக்குக் கடிதங்கள் எழுதினார். ஒருவர் பரிங்டன். மற்றவர் தோமஸ் பெனன்ற் என்ற பிரபல விலங்கியலாளர். இந்தப் பெனன்றுக்கும் நமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இலங்கையில் 1752 முதல் 1757 வரை ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், இங்குள்ள ஓவியரான டி பெவெரே என்பவரைக் கொண்டு நமது பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்திருந்தார். அவற்றிற் சில பெனன்ற் 1769இல் வெளியிட்ட 'இந்திய விலங்கியல்' என்ற நூலில் இடம்பெற்றன. நமது தோட்டங்களில் நீண்டு வளைந்த சொண்டோடு பூக்களில் தேன் குடிக்கும் கருநிறத் தேன்சிட்டு ஒன்றுக்கு இன்றும் லோட்டனின் பெயரே வழங்குகின்றது. பெனன்ற் உலகம் முழுவதிலுமிருந்து படங்களும் பாடம்பண்ணிய உடல்களும் சேர்த்தவர். வைற்றிடம் இருந்ததோ ஒரே ஒரு பங்கு.

பார்த்தல் மட்டும் போதாது

செல்போர்ண் காட்டிலே மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ள ஒரு சின்னஞ்சிறு குருவி இருந்தது. அது ஒரே இனம் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். வைற் அதன் குரலைக் கவனித்தார். ஒன்று இரண்டே சுரத்தை மாறி மாறிக் கத்தியது. ஒன்று இறங்கிவரும் இராகம்போல இனிமையாகப் பாடியது. இன்னொன்று உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் இருந்துகொண்டு, வெட்டுக்கிளியின் ஒலிபோலச் சீறியது. பிறகு உடல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது அளவிலும் நிறத்திலும் நுண்ணிய வேறுபாடுகள் இருந்தன. இவை மூன்று வெவ்வேறு இனங்கள் என்று 1768 ஓகஸ்ட் மாதம் பெனன்றுக்கு எழுதினார். அவர் சொன்னது சரியே. செத்த உடலை மேசையில் வைத்து ஆராய்ந்தவர்களுக்கு அகப்படாதது, காட்டிலே காது கொடுத்து நின்றவருக்கு அகப்பட்டது.

கோதுமை வயலில் வாழும் மிகச் சிறிய எலி ஒன்றை முதன்முதலில் விவரித்தவரும் அவரே. கோதுமை இலைகளால் பந்துபோலப் பின்னிய கூடு ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதற்குள் எட்டுக் குஞ்சுகள், கண் திறவாமல் இருந்தன. வாசல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாதபடி அவ்வளவு நெருக்கமான பின்னல். வளர்ந்த எலிகள் இரண்டைத் தராசில் வைத்தார். மறுதட்டில் ஒரு செப்பு அரைப்பென்னி நாணயம் வைக்கச் சரியாயிற்று. "மிகச் சிறியது" என்று எழுதிவிட்டு அவர் போயிருக்கலாம். ஆனால் வீட்டிலிருந்த காசை எடுத்து நிறுத்துப் பார்த்தார். ஆய்வுகூடம் இல்லை என்று சொல்லி ஒன்றும் செய்யாமலிருக்கும் பாடசாலைகளுக்கு இந்த அரைப்பென்னியை நாம் நினைவூட்ட விரும்புகிறோம்.

1784 டிசம்பரில் கடுங்குளிர் வந்தது. வைற்றின் தோட்டத்தைவிட இருநூறு அடிக்கு மேல் உயரத்திலிருந்த நியூட்டன் என்ற அயற்கிராமத்திலும் ஒரு வெப்பமானி தொங்கியது. உயரத்திலுள்ள ஊரில் குளிர் கூட இருக்க வேண்டும் என்பதுதானே எல்லோருடைய எண்ணமும்? ஆனால் இரவில் அங்கே வெப்பம் பத்துப் பன்னிரண்டு பாகை கூடுதலாகக் காட்டியது. கருவியில்தான் பிழை என்று முதலில் சந்தேகித்தார். இரண்டு வெப்பமானிகளையும் ஓரிடத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாகவே காட்டின. பிழை கருவியில் இல்லை. குளிர்ந்த காற்றுப் பாரமானது. அமைதியான இரவில் அது பள்ளத்தில் போய்த் தங்குகின்றது. மேட்டிலிருந்த செடிகள் தப்பிக்கொள்ள, பள்ளத்துச் செடிகள் கருகின. நுவரெலியாப் பக்கத்தில் மரக்கறி செய்பவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. உறைபனி எந்தத் துண்டுக் காணியில் முதலில் விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மண்புழுக் கடிதம்

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். வைற் அதில் சொன்னவற்றை நமது வார்த்தைகளில் தருகிறோம்.

மண்புழு பார்வைக்கு அற்பமானது. ஆயினும் இயற்கையின் சங்கிலியில் அந்த ஒரு கண்ணி அறுந்தால் உண்டாகும் இடைவெளி பெரிது. பறவைகளில் ஏறத்தாழப் பாதியும் சில நாற்கால் விலங்குகளும் அதைத் தின்றே வாழ்கின்றன. அது மண்ணைத் துளைத்து இளக்குகின்றது. அந்தத் துளைகளால் மழைநீர் உள்ளே இறங்குகின்றது, வேர்களும் இறங்குகின்றன. வைக்கோல் துண்டு, இலைக்காம்பு, சிறு சுள்ளி என்பவற்றை இழுத்துக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, மண்ணைத் தின்று சிறு சிறு குவியலாக வெளியே தள்ளுகின்றது. அந்தக் குவியல் புல்லுக்கும் தானியத்துக்கும் நல்ல பசளை. மழை கழுவிக்கொண்டு போன மேட்டுச் சரிவுகளுக்குப் புது மண் கொடுப்பதும் அதுவே. மண்புழு இல்லாத நிலம் குளிர்ந்து, இறுகி, புளிப்பேறாமல், மலடாகிவிடும்.

பயிரைத் தின்றதாக மண்புழுவின்மேல் சுமத்தப்பட்ட பழியையும் அவர் விசாரித்தார். தின்றது மண்புழு அல்ல. ஓடில்லாத நத்தையும், வண்டு முதலிய பூச்சிகளின் புழுக்களுமே என்றார். குற்றவாளி வேறு, அடிபட்டவன் வேறு. நமது வயல்களிலும் இது நடப்பதுண்டு. கண்ணில் பட்ட பூச்சிக்கெல்லாம் மருந்தடித்து, தீமை செய்யும் பூச்சியைத் தின்ன வந்த சிலந்தியையும் தும்பியையும் சேர்த்துக் கொல்கிறோம்.

குளிர்காலத்தில் மண்புழு உறங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம் என்றும் எழுதினார். குளிர் சற்றுத் தணிந்த இரவில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு புல்தரைக்குப் போனால் யாரும் கண்ணாரக் காணலாம் என்றார். தாமே பலமுறை அவ்வாறு போயிருக்க வேண்டும். கையில் திரியோடு இரவில் குனிந்து நின்று புழுப் பார்க்கும் குருவானவரைப் பற்றி ஊரார் என்ன பேசினார்களோ!

மண்புழுவைப் பற்றி யாராவது ஒரு முழு நூல் எழுத வேண்டும் என்று அக்கடிதத்திலே அவர் கேட்டுக்கொண்டார். அந்த நூல் வர நூற்றுநாலு ஆண்டுகள் ஆயின. 1881இல் சார்ள்ஸ் டார்வின் அதை எழுதினார். இளமையிலே வைற்றின் புத்தகத்தைப் படித்துப் பறவை பார்க்கத் தொடங்கியவர் டார்வின். மண்புழுவைப் பற்றி 1837இலேயே ஒரு கட்டுரை வாசித்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை விடாமல் தொடர்ந்து, இறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர் நூலாக்கினார். புழுக்களைச் சட்டியில் வளர்த்தார். மகனைக் கொண்டு குழல் ஊதிக் காட்டினார், புழுக்கள் அசையவில்லை. சட்டியைப் பியானோவின்மேல் வைத்து ஒரு சுரத்தைத் தட்டியபோது உடனே வளைக்குள் ஓடின. அவற்றுக்குக் காது இல்லை, அதிர்வை உணரும் உடல் உண்டு என்பது தெரிந்தது. புழுக்கள் தள்ளிய மண்ணைச் சேர்த்து நிறுத்துக் கணக்கிட்டபோது, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடலுக்கூடாகப் போய் மேலே வருகின்றது என்று கண்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். மண்புழு பசளையைச் சிருட்டிப்பதில்லை. இலை, சாணம், தாள் என்று நாம் மண்ணுக்குக் கொடுப்பதை அது அரைத்துப் பயிருக்கு எட்டும் நிலையில் வைக்கின்றது. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் புழுவும் இருக்காது. 2021இல் நமது நாட்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டபோது, சேதனப் பசளைக்குப் போதிய ஆயத்தம் இல்லாத கமக்காரர் பட்ட பாட்டை நாம் கண்டோம். அந்த ஆண்டு முடியுமுன்னரே தடை தளர்த்தப்பட்டது. உயிருள்ள மண் ஓர் உத்தரவினால் உண்டாவதில்லை; அதற்குப் பல போகம் வேண்டும்.

உங்கள் குழுவில் இதைச் செய்து பாருங்கள். மாரி தொடங்கி மண் நன்றாக நனைந்த பின்னர், ஓரடி நீளம் ஓரடி அகலம் உள்ள தடிச் சட்டம் ஒன்றை மூன்று இடங்களில் வையுங்கள்: அடிக்கடி மருந்தடித்த தோட்டம் ஒன்று, இலைகுழை விழுந்து கிடக்கும் வேலியோரம் ஒன்று, வெறும் முற்றம் ஒன்று. சட்டத்துக்குள் இருக்கும் புழுமண் குவியல்களை எண்ணி எழுதுங்கள். ஒரு வாரத்தின் பின்னர் அதே இடத்தில் மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் ஏன் என்று அவசரப்பட்டு முடிவு சொல்ல வேண்டாம். முதலில் காணிக்காரரிடம் அந்த நிலத்தின் கதையைக் கேளுங்கள்.

மாட்டுச் சாணமும் மீனும்

வைற் கண்ட இன்னொரு காட்சியைச் சுருக்கமாகச் சொல்வோம். கோடைகாலத்தில் அயலிலுள்ள குளங்களுக்கு மாடுகள் காலை பத்து மணியளவில் போய் இறங்கும். வயிறளவு தண்ணீரில் மாலை நாலு மணிவரை, இலையான் தொல்லையின்றிக் குளிர்ச்சியாக நிற்கும். நின்றபடியே சாணமிடும். அந்தச் சாணத்தில் பூச்சிகள் குடியேறும். பூச்சிகளை மீன்கள் தின்னும். ஒரு பிராணியின் ஓய்வு இன்னொரு பிராணிக்கு உணவாக மாறுவதை, செட்டான குடித்தனக்காரரின் வேலைபோல இயற்கை செய்கின்றது என்று அவர் வியந்தார். 'சூழலியல்' என்ற சொல்லே பிறக்காத காலம் அது. உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை அவர் குளத்தங்கரையில் நின்றே கண்டுகொண்டார். குளத்து மீனை நம்பி வாழும் நமது குடும்பங்களுக்கு இது புதினமல்ல.

ஏழையின் விளக்கு

பறவையையும் புழுவையும் போலவே மனிதரின் வீட்டையும் வைற் அளந்தார். 1783 ஒக்டோபரில் தமது பங்கில் 136 குடும்பங்களும் 676 மக்களும் இருந்ததாகக் கணக்கெடுத்திருக்கிறார். 1775 நவம்பர் முதலாந் திகதி எழுதிய கடிதம் அக்கிராமத்து ஏழைகளின் விளக்கைப் பற்றியது. கிராமிய அபிவிருத்தியில் ஈடுபட்டவர்கள் அவருடைய நூலில் வேறொன்றையும் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும்.

ஈரநிலத்தில் கோரைபோல வளரும் ஒரு புல்லைக் கோடையில் அறுத்து, உடனே தண்ணீரில் போடுவார்கள். காய்ந்தால் தோல் உரியாது. பின்னர் பச்சைத் தோலை உரிப்பார்கள். உள்ளேயிருக்கும் சோறு முறிந்துவிடாமல் தாங்குவதற்காக ஒரு பக்கத்தில் மெல்லிய நாராகத் தோலை விட்டு உரிக்க வேண்டும். இது இலேசான வேலையல்ல. இரண்டு கண்ணும் தெரியாத ஒரு முதிய பெண் இதை வேகமாகவும் பிழையின்றியும் செய்வதைத் தாம் கண்டதாக வைற் எழுதுகிறார். உரித்ததைச் சில இரவுகள் புல்லின்மேல் பனியில் போட்டு, வெயிலில் காயவைத்து, உருக்கிய கொழுப்பில் தோய்த்து எடுத்தால் விளக்குத் திரி தயார். செட்டான குடும்பப் பெண் பன்றி இறைச்சி அவிக்கும்போது மேலே மிதக்கும் கொழுப்பைச் சேர்த்து வைத்து, கொழுப்புக்கு ஒரு காசும் செலவழியாமல் பார்த்துக்கொள்வாள்.

இனி அவர் போட்ட கணக்கு. காய்ந்த திரி ஓர் இறாத்தலில் 1,600 இருக்கும். அதன் விலை ஒரு ஷிலிங். தோய்க்க வேண்டிய கொழுப்பு 6 இறாத்தல். இறாத்தல் 4 பென்ஸ்படி 2 ஷிலிங். ஆக 3 ஷிலிங். நல்ல திரி ஒன்று ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைய எரிந்ததை அவர் கடிகாரம் வைத்துப் பார்த்தார். ஆனாலும் கணக்குக்குத் திரி ஒன்று அரைமணி நேரம் என்றே குறைத்து எடுத்தார். 1,600 திரி 800 மணி நேரம் எரியும். ஒரு பார்திங் என்பது ஒரு பென்னியின் நாலில் ஒரு பங்கு. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பார்திங்குக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம். ஒன்றரை இறாத்தல் திரி ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுவதற்கும் போதும் என்று அனுபவமுள்ள ஒரு முதிய குடித்தனக்காரர் அவருக்குச் சொன்னார்.

அதன் பிறகுதான் சிக்கல். மிக வறிய குடும்பங்கள் இந்தத் திரியைச் செய்வதில்லை. அன்றாடம் மாலையில் அரைப்பென்னி கொடுத்து ஒரு மெழுகுதிரி வாங்குகிறார்கள் என்று வைற் கண்டார். காற்று ஊடுருவும் அவர்களது வீடுகளில் அது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே எரியும். அதே காசுக்குப் பதினொரு மணி நேர வெளிச்சம் பெற்றிருக்கலாம். ஆகவே மிக வறியவர்களே மிக மோசமாகச் சிக்கனம் பண்ணுகிறவர்கள், அதனாலேயே அவர்கள் வறியவர்களாக இருந்துவிடுகிறார்கள் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்.

கணக்குச் சரி. தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. ஓர் இறாத்தல் திரி செய்ய மூன்று ஷிலிங் ஒரே தடவையில் கையில் வேண்டும். கொழுப்பு இலவசமாகக் கிடைப்பது பன்றி இறைச்சி அவிக்கும் வீட்டுக்கு மட்டுமே. வாரக் கூலியில் இறைச்சி வாங்க முடியாதவளின் சட்டியில் என்ன மிதக்கும்? அறுத்து, உரித்து, காயவைக்கும் வேலை கோடையின் நடுவில் வருகின்றது. கூலிக் குடும்பத்துக்கு உழைப்பு அதிகமாகக் கிடைக்கும் நாட்களும் அவையே. காற்று ஊடுருவும் வீடு என்று அவரே எழுதுகிறார். அந்தச் சுவரை அடைக்கக் காசு யாரிடம் இருந்தது என்று கேட்கவில்லை. நமது ஊர்களில் கால் போத்தல் மண்ணெண்ணெய், நூறு கிராம் சீனி, ஒருநாள் பாவனைக்குப் பொட்டலச் சவர்க்காரத்தூள் என்று வாங்குகிற தாய்மாரை நாம் அறிவோம். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. மொத்தமாக வாங்கும் பணம் ஒருநாளும் ஒன்றாகக் கைக்கு வருவதில்லை. சிறுகச் சிறுக வாங்குகிறவர் கூடக் கொடுக்கிறார். அந்தக் கூடுதல் வறுமையின் மேல் விழும் வரி.

மண்புழுவின்மேல் கமக்காரர் சுமத்திய பழியை விசாரித்துத் தள்ளுபடி செய்தவர், ஏழையின்மேல் தாமே ஒரு பழியைச் சுமத்தினார். இரவில் திரியோடு போய்ப் புழுவைப் பார்த்ததுபோல, அரைப்பென்னித் திரி எரிந்த அந்த வீட்டுக்குள்ளே போய் ஒரு வாரம் வரவு செலவைப் பார்த்திருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார் என்று நாம் நினைக்கிறோம். சிக்கனக் குழு நடத்துகின்ற நமது ஊழியர்களிற் சிலரும் இதே வசனத்தைச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அதனாலேயே இவ்வளவு விரித்து எழுதுகிறோம்.

தகைவிலான் குருவி எங்கே போகிறது?

வைற்றை வாழ்நாள் முழுவதும் விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்று இருந்தது. தகைவிலான் குருவிகளும் அவற்றின் இனத்தவையும் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? தெற்கேயுள்ள நாடுகளுக்குப் பறந்து போகின்றன என்று சிலர் சொன்னார்கள். மரப்பொந்திலும் குளத்துச் சேற்றிலும் ஒளிந்து உறங்குகின்றன என்று வேறு சிலர் சொன்னார்கள். இதை நம்பியவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். பரிங்டனும் அவர்களில் ஒருவர். வைற்றின் தம்பி ஜோன் ஜிப்ரால்டரில் படைகளுக்குக் குருவாக இருந்தவர். பறவைகள் கூட்டங்கூட்டமாக நீரிணையைக் கடப்பதைக் கண்டு அண்ணருக்கு எழுதினார். ஆயினும் சில குருவிகள் ஊரிலேயே ஒளிந்திருக்கலாம் என்ற எண்ணம் வைற்றை விட்டு நீங்கவில்லை. பிந்திய இலையுதிர் காலத்தில் வெயில் வந்த ஒரு நாளில் திடீரென்று சில குருவிகள் தோன்றுவதை அவர் கண்டிருந்தார். அவ்வளவு தூரம் போனவை எப்படி உடனே திரும்பும்? 1781 வசந்தத்தில் ஆட்களை வைத்துக் குன்றுச் சரிவிலிருந்த பற்றைகளையும் பொந்துகளையும் தேடுவித்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையே எழுதி வைத்தார்.

விடை அவர் இறந்து நெடுங்காலத்தின் பின்னரே உறுதியாயிற்று. 1911 மே மாதம் இங்கிலாந்தில் காலில் வளையம் பூட்டி விடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதியில் பிடிபட்டது. வடக்கேயுள்ள ஆசிய நாடுகளிலிருந்து அதே இனக் குருவி மாரியில் நமது நாட்டுக்கும் வருகின்றது. மின்கம்பிகளில் வரிசையாக இருப்பதை நாம் காண்கிறோம். வைற் பிழையான எண்ணத்தைக் கைவிடாமல் வைத்திருந்தது உண்மை. ஆனால் தமக்குச் சாதகமில்லாத குறிப்பை அவர் மறைக்கவில்லை. திகதியும் எண்ணிக்கையும் அவர் எழுதியபடியே இருக்கின்றன. எனவே அவருடைய முடிவை மறுக்கிறவர்களுக்கும் அவருடைய கொப்பி பயன்படுகின்றது.

நூலும் கல்லறையும்

'செல்போர்ணின் இயற்கை வரலாறும் தொல்பொருட்களும்' என்ற நூல் 1789ஆம் ஆண்டுக்குரியதாக வெளிவந்தது. வெளியிட்டவர் லண்டனில் புத்தக வியாபாரியாக இருந்த தம்பி பெஞ்சமின். பெனன்றுக்கு 44, பரிங்டனுக்கு 66 என 110 கடிதங்கள் அதில் உண்டு. உண்மையில் எல்லாம் தபாலில் போனவை அல்ல. தொடக்கத்திலுள்ள சில, நூலுக்கென்றே கடித வடிவில் எழுதப்பட்டவை. வைற்றுக்கு அப்போது வயது 68. அதன் பின்னர் நாலு ஆண்டுகளே இருந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்நூல் மறுபடி மறுபடி பதிப்பிக்கப்பட்டு வருகின்றது.

அத்தையிடமிருந்து 1780இல் அவருக்குக் கிடைத்த ஓர் ஆமையைப் பற்றியும் அதில் வருகின்றது. தீமொத்தேயு என்று அதற்குப் பெயர். எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளியே வருகிறது, எவ்வளவு நிறை என்றெல்லாம் வருடாவருடம் எழுதினார். எசமான் இறந்த அடுத்த ஆண்டு ஆமையும் இறந்தது. ஓட்டைப் பரிசோதித்தவர்கள் அது பெண் ஆமை என்று கண்டார்கள்! அந்த ஓடு லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றது.

1793 ஜூன் 26ஆந் திகதி வைற் காலமானார். செல்போர்ண் கோயில் வளவில் அவரது கல்லறை உண்டு. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் இறந்த திகதியும் மட்டுமே பொறித்த சிறு கல்.

குழுக்களுக்கு

இந்தப் பாடத்தை வாசித்த குழுக்கள் ஒரு பயிற்சிக் கொப்பி வாங்கி, தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு மாதங்களுக்கு இடம் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தை ஐந்து நிரலாகக் கோடிடுங்கள்: திகதி; மழையும் காற்றும்; பூத்தது, காய்த்தது; வந்த பறவையும் பூச்சியும்; வயலிலும் வீட்டிலும் நடந்தது. கடைசி நிரலில் மண்ணெண்ணெய், அரிசி, பசளை என்பவற்றை அன்று எந்த அளவில் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதத் தெரியாத முதியவர்கள் சொல்ல, பாடசாலைப் பிள்ளைகள் எழுதட்டும். மழை அளக்க நேரான சுவருள்ள வெற்றுத் தகரப்பேணியும் அடிமட்டமும் போதும். ஒரு நாள் தவறிப்போனால் அந்த நாளை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். மூன்று மாதம் நிறைந்ததும் அந்தப் பக்கங்களின் பிரதியை எமக்கு அனுப்பினால், வெவ்வேறு ஊர்களின் குறிப்புகளை அருகருகே வைத்து அடுத்து வரும் இதழ்களில் வெளியிடுவோம்.